வாப்பாவின் வண்டிக்கு ஒரு வலது கால்

அன்பு மகன் ஜமாலுக்கு, தாராவியிலிருந்து உம்மா எழுதுவது. சலாம். இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் நீ அத்தோடு கடிதத்தை மடித்துப் பெட்டியில் போட்டுவிடுவாய். அதனால் சுகத்தைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதப்போவதில்லை. நீ தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். பக்கத்துப் பள்ளிக்கூடம், நல்ல பள்ளிக்கூடம் என்று உன்னை இந்தியில் படிக்கப் போட்டது நான்தான், அதற்கு உன்னைத் திட்ட முடியாது. ஆனால் அறையில் இருக்கும் யாரிடமாவது கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லாதே. உம்மா சொல்வதை அடுத்தவர் குரலில் கேட்டால் அதில் பாதி திட்டு காணாமல் போய்விடும். லீவு நாளில் உட்கார்ந்து, அவசரப்படாமல், நீயே படி.

கோணல் தமிழில் நீ எழுதிய கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. மறுநாளே பதில் போடுகிறவள் இந்தத் தடவை ஏன் போடவில்லை என்று யோசித்திருப்பாய். சவூதியில், தம்மாமில் உங்கள் பட்டறையில் கரண்டு போனால் ஜெனரேட்டரைக் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் ஓடவைக்கிறீர்கள், அதைப் பார்த்ததும் வாப்பாவின் வண்டி ஞாபகம் வந்தது என்று எழுதியிருந்தாய். மாஹிமில் நீ வேலை பார்த்த லேத் பட்டறைக்குப் படம் வரைந்து அனுப்பியிருப்பதாகச் சொல்லி, உட்கார்ந்தபடியே கையால் இழுத்து ஸ்டார்ட் செய்கிற மாதிரி நீள லீவர் ஒன்று செய்து, அவர்களே வந்து மாட்டித் தருவார்கள், இனிமேல் உம்மா தினமும் வண்டியை உதைக்க வேண்டாம், உம்மாவின் முட்டிவலிக்கும் ஓய்வு என்று முடித்திருந்தாய். பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "பெத்தா இப்பிடிப் புள்ளயப் பெறணும்" என்றாள். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து, அந்தக் கடிதத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டேன். வாப்பா கேட்டதற்கு, "சும்மா, சுகத்துக்குத்தான் எழுதிருக்கான்" என்று பொய் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்வதற்காகத்தான் இவ்வளவு காகிதம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வாப்பாவின் கால் போன கதை உனக்குத் தெரியும். என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை. நம் தோல்பை தைக்கிற கார்கானாவில் தோல் வெட்டுகிற இரும்பு அச்சு கைதவறி அவருடைய வலது பாதத்தில் விழுந்தது. சுண்டுவிரல் அளவு காயம். "ஒண்ணுமில்லட்டீ, மஞ்சளப் போடு" என்றார். நானும் மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் சூடாக்கிப் போட்டேன். அவருக்கு சுகர் இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தே பதினைந்து நாள் மஞ்சளை நம்பினோம். ஆர்டர் முடியட்டும் என்று அவர் சொன்னார், ஆம்பளை சொல்கிறார் என்று நான் விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது பாதம் கறுத்துப்போயிருந்தது. டாக்டர் எங்களைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலையே என்று எனக்கு இருந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்த மிச்சக் காலைத் துடைத்து, மருந்து வைத்து, துணி சுற்றியவள் நான். அந்தக் காலின் ஒவ்வொரு தையலும் எனக்கு மனப்பாடம். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

அப்போது நம் வீட்டில் கீழே கார்கானா, மேலே குடித்தனம், நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. கால் போனபின் தையல் மெஷின் மூன்றும் மேலே ஏறின, அடுப்பும் கட்டிலும் கீழே இறங்கின. அதெல்லாம் ஒரு நாள் வேலை. வெளியே போவதுதான் பிரச்சினையாக இருந்தது. பையைத் தைப்பவர்கள் நூறு பேர் கிடைப்பார்கள், அதைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் காட்டி ஆர்டர் பிடிப்பதில்தான் வாப்பா ராஜா. மாட்டுங்கா, செம்பூர், பாண்டுப் என்று தோளில் நாலு பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம்தான் வருவார். இப்போது அவரை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் சந்து வழியாகத் தூக்கிக்கொண்டு போய் மெயின் ரோட்டில் டாக்ஸியில் ஏற்ற வேண்டியிருந்தது. செம்பூரில் இருபது வருஷப் பழக்கமுள்ள ஒரு கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டு, டாக்ஸி ஜன்னலுக்கே டீ கொண்டுவந்து கொடுத்து, "நீங்க ஏன் பாய் கஷ்டப்படறீங்க? யாரையாவது அனுப்பிச்சா போதாதா?" என்று கேட்டாராம். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். கூடப் போயிருந்த உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு வந்து சட்டையைக் கழற்றியவர், வெளியே போகும்போது போடுகிற சட்டைகளை எல்லாம் மடித்துப் பெட்டியில் வைக்கச் சொன்னார். அவர் தம்பி, உன் சாச்சா, ஆர்டருக்குப் போகத் தொடங்கினார். வாப்பா கட்டிலில் உட்கார்ந்து பைகளுக்கு அளவுத் தாள் வெட்டிக் கொடுத்தார், ரேடியோ கேட்டார், ஈயை விரட்டினார்.

அது எண்பத்தி நாலு. உனக்கு இருபது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குர்லாவிலிருந்து நாலு சாக்கு மூட்டையைக் கைவண்டியில் போட்டுக்கொண்டு வந்தாய். நடுவீட்டில் கொட்டினாய். ராணுவத்தில் கழித்துவிட்ட பழைய மோட்டார் சைக்கிள், பல்லும் சில்லுமாக. பின்னாலேயே இன்னொரு கைவண்டியில் துருப்பிடித்த ஒரு தொட்டியும் ஒற்றைச் சக்கரமும் வந்தன. வாப்பாதான் கட்டிலிலிருந்து கேட்டார்.

"என்னல இது?"

"வண்டி வாப்பா. ஒங்களுக்கு."

"எனக்கா? ஒத்தக் கால வச்சுக்கிட்டா?"

"பக்கத்துல சைடு கார் மாட்டுனா வண்டி சாயாது வாப்பா. கியரக் கைக்குக் கொண்டாந்துருவேன். பிரேக் எடதுகால்ல தான இருக்கு. கால் ஊனவே வேண்டாம். நீங்களே போவலாம், நீங்களே வரலாம். யாரும் தூக்க வேண்டாம்."

வாப்பா அந்தக் குவியலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "செஞ்சு முடி. முடிச்சப்பொறம் கூப்பிடு. அதுக்கு முன்னால அளவு பாக்கணும், ஏறுங்க எறங்குங்கன்னு என்னச் சொல்லப்படாது. சந்துல நான் தமாஷா ஆவ மாட்டேன்." நீ சரி என்றாய். அந்தச் சரியில்தான் எல்லாம் தொடங்கியது. ஆனால் அன்றைக்கு அது நம் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நான் குடித்தனம் நடத்தியது வீட்டிலா பட்டறையிலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மாஹிமில் வேலை முடிந்து வந்து, முகத்தைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிடுவாய். என் இடியாப்பத் தட்டு ஒவ்வொன்றிலும் ஒரு சைஸ் நட்டு. ரேஷன் கடையில் வரிசையில் நின்று நான் வாங்கிவந்த மண்ணெண்ணெயில் கியர்ப் பல்லைக் கழுவினாய். ஸ்டவ்வில் கறி வேக வேண்டிய நேரத்தில் என்ஜின் கூடு சூடாகிக்கொண்டிருந்தது, சூடானால்தான் பேரிங் உள்ளே இறங்குமாம். "இது என்னல, சமையக்கட்டா, கேரேஜா?" என்று கத்தினால், "ரெண்டும்தான் உம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு" என்று சிரிப்பாய். ஒரு நாள் சாதத்தில் ஒரு சின்ன இரும்பு வளையம் வந்தது. நான் உன்னைத் துடைப்பத்தோடு சந்து முனைவரை விரட்டினேன். பாக்கியத்தக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். அந்த வளையம் தொலைந்ததற்காக நீ இரண்டு நாளாக என்னிடமே விசாரித்துக்கொண்டிருந்தாய் என்பது அவளுக்குத் தெரியாது.

வாப்பா ஏற மாட்டேன் என்று சொன்னாரே தவிர, கண்ணை மூடிக்கொள்வேன் என்று சொல்லவில்லை. முதலில் கட்டிலிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு, "அந்தத் தாள இப்பிடியால வெட்டுவாங்க, கொண்டா" என்று உன்னிடமிருந்து பிடுங்கி, என்ஜின் இடுக்குகளில் வைக்கிற காகிதத்தை எல்லாம் தோல் வெட்டுகிற கத்தியால் பிசிறில்லாமல் வெட்டிக் கொடுத்தார். சீட்டுக்கு மட்டும் அவரே தோலைத் தேர்ந்தெடுத்தார். மிச்சமிருந்த காலை வைப்பதற்கு, உள்ளே பஞ்சு வைத்து ஒரு தோல் கிண்ணமும் தைத்தார். என்னைக் கூப்பிட்டு, "எந்த எடத்துல ஒரசுனா எரியும், சொல்லு" என்று கேட்டுக் கேட்டு அதன் விளிம்பை மடக்கினார். கியர் தண்டு டாங்கிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. ஊன்றுகோலை மாட்ட ஒரு வளையம், சாம்பிள் பைகளை வைக்க சைடு காரில் ஒரு தட்டு. வெயில், மழை, குளிர் எல்லாவற்றுக்கும் யோசித்தோம். இவ்வளவு யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

இனிமேல்தான் நான் உன்னிடம் சொல்லாதது வருகிறது.

வண்டியைச் சந்தில் வைத்து முழுசாகப் பூட்டியபின், ஒரு நாள் மத்தியானம் முதல் தடவையாக என்ஜினை ஓடவைத்தாய். வாப்பா உள்ளே தொழுதுகொண்டிருந்தார். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நீ உதைத்தாய், உதைத்தாய், பத்துப் பதினைந்து தடவை. கடைசியில் பெரிய சத்தத்தோடு பிடித்துக்கொண்டது. சந்தே கைதட்டியது. நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், நானும் சிரித்தேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது உன் காலை. நீ உதைத்தது வலது காலால். உதைக்கிற கம்பி இருந்தது வண்டியின் வலது பக்கம். ஒரு வருஷம் வலது காலுக்குத் துணி சுற்றியவளுக்கு அது எப்படிக் கண்ணில் படாமல் போகும்? முதல் நாளே பட்டது. உனக்கு வலது கால் இருந்தது, அதனால் மறந்துபோனாய். உன் பட்டறையிலிருந்து வந்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் வலது கால் இருந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். ரோட்டில் லாரி வருகிறது, பெஸ்ட் பஸ் வருகிறது, விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய். பயமும் இருந்தது, பொய் இல்லை. ஆனால் அது பாதிதான். மீதியைச் சொல்ல இத்தனை வருஷம் எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து உன் வாப்பாவோடு உட்கார்ந்து நான் மத்தியானச் சோறு தின்றதில்லை. கால் போனபிறகுதான் தின்றேன். அவர் வீட்டில் இருந்தார். மீனில் முள் எடுத்துக்கொண்டே என்னோடு பேசினார். ரேடியோவில் வருகிறதைப் பற்றி, பாக்கியத்தக்கா வீட்டுச் சண்டையைப் பற்றி, ஒன்றுமில்லாததைப் பற்றி. அவர் உள்ளுக்குள் வாடிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டே நான் அந்தச் சோற்றை ருசித்துத் தின்றேன். வண்டி ஓடினால் அது போய்விடும். அதனால் சும்மா இருந்தேன். இப்படி ஒரு உம்மா உனக்கு.

பிறகு அந்த நாள் வந்தது. வாப்பா பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுக்கச் சொன்னார், நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். சந்தில் ஒருவர் பாக்கியில்லை. அவர் ஊன்றுகோலோடு தானே நடந்து வந்து, சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து, இடது காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, மிச்சக் காலைத் தோல் கிண்ணத்தில் வைத்தார். கியர் தண்டைத் தடவிப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். பிறகு, மகனே, அந்த மடித்துக் குத்தியிருந்த வேட்டி நுனி ஒரு தடவை மேலே எழும்பிக் கீழே இறங்கியது. இல்லாத கால் உதைத்துப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். வாப்பா உன்னைப் பார்த்து, "வண்டி நல்லா வந்துருக்குல. நீயே ஓட்டு" என்றார். இறங்கினார். உள்ளே போனார்.

நீ அந்த வண்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாய். "எனக்கு எப்பிடி உம்மா தோணாமப் போச்சு? எனக்கு எப்பிடித் தோணாமப் போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் உன் தலையைத் தடவிக்கொண்டு, "யாருக்கும்தான் தோணல, போட்டும் விடு" என்றேன். என் ஆயுசில் நான் சொன்ன பொய்களில் கேவலமானது அதுதான். நீ மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. வண்டி தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. வாப்பாவும் நானும் மத்தியானம் சேர்ந்து உட்கார்ந்தோம், ஆனால் இப்போது அவர் பேசுவதில்லை. நான் எதைக் காப்பாற்ற வாயை மூடினேனோ அதுவே என் தட்டில் ருசியில்லாமல் கிடந்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தார்ப்பாயை உருவினேன். "வாங்க, ஏறுங்க" என்றேன். வாப்பா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நீங்க ஏறுங்க. நான் மிதிக்கேன்" என்றேன். "ஏட்டி, நீயா? சந்தே சிரிக்கும்." "சிரிக்கட்டும், பல்லு நல்லாருக்கவ எல்லாம் சிரிக்கட்டும்." ஏன் ஏறினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் வலது பக்கம் நின்று, விழாமல் இருக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். இருபது வருஷத்துக்கு மேலான குடித்தனத்தில் வீட்டுக்கு வெளியே நான் அவரைத் தொட்டதில்லை. முதல் உதையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் அந்தக் கம்பி திருப்பி அடித்ததில் என் கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியது. நீ உள்ளேயிருந்து ஓடிவந்து சொல்லிக்கொடுத்தாய். அவர் இடது கையால் கைப்பிடியில் இருக்கிற சின்ன லீவரை அழுத்தி என்ஜினுக்குள் அடைத்த காற்றை விட வேண்டும், நான் மெதுவாக ஒரு மிதி மிதித்துவிட்டு, பிறகு ஓங்கி உதைக்க வேண்டும். அவர் "ம்" என்றதும் நான் உதைத்தேன். ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ பிடித்தது. உன் வாப்பா சிரித்தார், ஜமால். வாய்விட்டு, தோள் குலுங்க. என் கைக்குக் கீழே அந்தத் தோள் குலுங்கியது. "மெயின் ரோடு வரைக்கும் போய்ட்டு வாரேன்" என்று போனவர் மத்தியானம் வரை வரவில்லை. நாம் இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம். செம்பூருக்குப் போய் அந்தக் கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தி, தானே இறங்கி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்.

திரும்பி வருவதற்கு வண்டியை யார் உதைத்தது என்று நீ பதறிக் கேட்டாய். "யாரோ ஒரு ஆளு. பாய், ஏக் கிக் மாரோனு சொன்னேன், மாருனான்" என்றார் வாப்பா. அவ்வளவுதான். நாற்காலியில் தூக்கினால் செத்துவிடலாம் போல் இருந்த மனுஷருக்கு, போகிற வருகிறவனிடம் ஒரு கிக் கேட்க வெட்கமாகவே இல்லை. நான் இதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். வண்டி வைத்திருக்கிற எல்லோரும் என்றைக்காவது அடுத்தவனை ஒரு கிக் கேட்கிறார்கள், ஒரு தள்ளு கேட்கிறார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு அவனவன் வழியில் போகிறான். நீயும் அந்த ஊரில் ஒருத்தரிடம் ஒன்று கேட்க வேண்டி வந்தால் கேட்டுவிடு. உன் கடிதங்களில் எல்லாம் நீயே சமாளித்துக்கொள்வதாக எழுதுகிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை.

உனக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. வீட்டில் யார் யாருக்கு நன்றி சொல்கிறோம், சோறு வைக்கிறோம், அத்தோடு சரி. இப்போது எழுத்தில் சொல்கிறேன். வாப்பாவுக்கு அவருடைய தொழிலை நீ திருப்பிக் கொடுத்தாய். எனக்கு பம்பாயைக் கொடுத்தாய். இருபது வருஷத்துக்கு மேல் தாராவியில் இருந்து நான் பார்த்தது ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, தர்கா. சைடு காரில் உட்கார்ந்தபிறகுதான் மாஹிம் கடற்கரையைப் பார்த்தேன், மாட்டுங்கா மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கினேன், பாண்டுப்வரைக்கும் காற்று வாங்கிக்கொண்டு போனேன். பயத்தில் முதல் நாள் முழுக்க ஓதிக்கொண்டே போனதைச் சொல்லி வாப்பா இன்றைக்கும் கேலி செய்கிறார். நீ மறந்துபோன அந்த ஒன்றையும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். நீ எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தால் நான் வாசலில் நின்று அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவளாகவே இருந்திருப்பேன். நீ விட்ட இடத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. தினமும் காலையில் அவர் "ம்" என்பார், நான் உதைப்பேன். மத்தியானச் சோறு போனதற்கு அது எனக்குக் கிடைத்தது.

இப்போது தெரிகிறதா, உன் கடிதம் ஏன் அரிசி டின்னுக்கு அடியில் போனது என்று? லீவர் வந்தால் அந்த வேலையும் போய்விடும். இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாவது நாள் அரிசி அளக்கும்போது எனக்கே அருவருப்பாக இருந்தது. அன்றைக்கும் வாயை மூடினாய், இன்றைக்கும் மூடுகிறாயா என்று கேட்டுக்கொண்டேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் வாப்பாவிடம் வாசித்தேன். வாசித்துவிட்டு, பழைய சங்கதியையும் சொன்னேன், முதல் நாளே எனக்குத் தெரியும் என்று, சோற்றுக்காகத்தான் என்று, ஒன்றும் விடாமல். அவர் தோல்பைக்கு வார் கோத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. அந்த வாரைக் கோத்து முடித்துவிட்டு, "மஞ்சளப் போட்டு கால எடுத்தவ நீ. இதையும் செஞ்சியாக்கும்" என்றார். நான் அழத் தொடங்கினேன். "அழாதட்டீ. மஞ்சளப் போடச் சொன்னது நான்தான" என்றார். பிறகு அடுத்த வாரை எடுத்தார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் வரவில்லை.

உன்னிடமும் இப்போது சொல்லிவிட்டேன். மூன்று வாரம் நீ உன்னையே திட்டிக்கொண்டு பட்டினி கிடந்தாயே, அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது. கோபம் வந்தால் எழுது, மறைக்காதே. நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள். அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தால் அவளிடமே சொல்லிவிடு. நான் செய்த மாதிரி அவள் போகிற வழியில் கல்லைக் கண்டும் காணாமல் நிற்காதே. உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற புத்திமதி இது ஒன்றுதான்.

மாஹிமிலிருந்து போன ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். லீவர் நன்றாக இருக்கிறது, பளபளவென்று, கழற்றி மாட்டுகிற மாதிரி. மாட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். திங்கள்கிழமை காலை வாப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினார். நான் வாசலில் நின்றேன், கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இடது கையால் காற்றை விட்டு, வலது கையால் இழுத்தார். இரண்டாவது இழுப்பில் வண்டி பிடித்தது. நான் மனதார அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன், அது பொய்யில்லை. அவர் என்ஜினை அணைத்தார். மறுபடி இழுத்தார், பிடித்தது. மறுபடி அணைத்தார், மூன்றாவது தடவையும் பிடித்தது. இனி யாரையும் எதற்கும் கேட்க வேண்டாம் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது, பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன நினைத்தாரோ, மூன்றாவது தடவையும் அணைத்துவிட்டு, லீவரைக் கழற்றி சைடு காருக்குள் போட்டார். என் பக்கம் திரும்பி, "கை வலிக்கு. நீ வந்து மிதி" என்றார்.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். "ம்" என்றார்.